பிடித்த கிட்டார் கலைஞரைப் பின்பற்றி ப்ளூஸ்-ராக் சோலோ வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டுகளை மாற்றி வாசிக்கத் தெரியும். ஐந்து சுரம் கொண்ட பென்டடோனிக் ஸ்கேலின் ஒரு வடிவமாவது விரலுக்குப் பழகியிருக்கிறது. மனத்துக்குள் ஒரு கலைஞரின் கிட்டார் ஓயாமல் ஒலிக்கிறது. ஆனால் கிட்டாரைக் கையில் எடுத்தால் அந்த ஒலி மட்டும் வருவதில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஏ சுருதியில், வழக்கமான டியூனிங்கில் இருக்கின்றன. மிக மெல்லிய தந்தியை ஒன்று என்றும் மிகத் தடித்ததை ஆறு என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒருவரைப் பார்த்து வாசித்தால் நகல் என்று சொல்லமாட்டார்களா?

சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த இசையே கைமாறிக் கைமாறி வந்ததுதான். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்குக்கு மின் கிட்டார் மீது ஆசை மூட்டியவர் டீ-போன் வாக்கர். கிங்கின் உறவினரான புக்கா வைட், ஸ்லைடு (தந்தியின் மேல் வழுக்கும் குழாய்) வைத்து எழுப்பிய நடுக்கம் அவரை ஆட்டிப்படைத்தது. ஸ்லைடு தனக்குக் கைவராததால் விரலை அசைத்தே அந்த ஒலியை எட்டப் பார்த்தார். எட்டியது வேறொன்று: பின்னால் ஆயிரமாயிரம் பேர் நகலெடுக்க முயன்ற அவருடைய வைப்ராட்டோ.

ஸ்டீவி ரே வாகன் ஆல்பர்ட் கிங்கிடமிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பதை அவர் மறைத்ததே இல்லை. 1983 டிசம்பரில் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக இருவரும் சேர்ந்து வாசித்த பதிவு இருக்கிறது. குருவும் சீடனும் ஒரே சொற்களைப் பேசுகிறார்கள், ஆனால் யார் பேசுகிறார் என்பது இரண்டு நொடியில் தெரிந்துவிடுகிறது. கேரி மூரை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் கிரீனிடமிருந்தே அவருடைய லெஸ் பால் கிட்டாரை வாங்கி, 1995 இல் அவருக்குக் காணிக்கையாக ஒரு முழு ஆல்பமே வெளியிட்டார். அதே கிட்டார், அதே பாடல்கள். ஆனாலும் கிரீன் அடக்கி வாசித்த இடங்களில் மூர் கொதிக்கிறார்.

நகல் என்ற குற்றச்சாட்டு உண்மையில் பொருந்துவது ஒரே இடத்தில்தான்: லிக்குகள் எனப்படும் சிறு இசைத் துணுக்குகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, அவை ஏன் அந்த இடத்தில் வந்தன என்று கேட்காமல் விடும்போது.

அப்படியானால் அவரிடமிருந்து எதைத்தான் எடுத்துக்கொள்வது?

சுரங்களை அல்ல. ஐந்து சுரங்களும் எல்லோருக்கும் பொது. அவற்றுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. உங்கள் கலைஞர் ஒரு வரியை எந்தத் தாளத் தட்டில் தொடங்குகிறார், தட்டுக்கு முன்பா, பின்பா, எந்தச் சுரத்தில் வந்து நிற்கிறார், நின்றபின் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்பதைத்தான் எடுக்க வேண்டும். கைரேகை அங்கேதான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கிட்டார்கூட வேண்டாம். அவருடைய மெதுவான ப்ளூஸ் ஒன்றில் 12 பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு) கொண்ட ஒரு சுற்றைத் தேர்ந்தெடுங்கள். தாளில் 12 கட்டங்கள் போட்டு, கிட்டார் ஒலிக்கும் இடங்களைக் கோடிட்டும் மௌனமான இடங்களை வெறுமையாகவும் குறித்துக்கொண்டே கேளுங்கள். பி.பி. கிங் என்றால் வெற்றிடம் தாராளமாக இருக்கும். தான் பாடும்போது கிட்டாரை விட்டுவிட்டு, பாடி முடித்த வரிக்குக் கிட்டாரில் பதில் சொல்வது அவர் வழக்கம், அந்தப் பழக்கம் சோலோவிலும் தொடர்ந்தது. 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான அவருடைய கச்சேரி இதற்கு நல்ல பாடம். வாகனின் தாளில் கோடுகள் நெருக்கமாக இருக்கும். பிறகு நீங்கள் வாசித்ததைப் பதிவு செய்து இன்னொரு தாளில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களின் தாளில் வெற்றிடமே இருக்காது.

எந்த ஸ்கேல் தெரிந்திருக்க வேண்டும்?

தொடங்குவதற்கு ஏ மைனர் பென்டடோனிக் போதும்: ஏ, சி, டி, ஈ, ஜி. ஐந்தாம் ஃபிரெட்டில் (கழுத்தின் உலோகக் கோடுகள் பிரிக்கும் கட்டம்) இருக்கும் முதல் வடிவத்தைத்தான் எல்லோரும் முதலில் கற்கிறார்கள். அதோடு ஈ ஃபிளாட்டைச் சேர்த்தால் ப்ளூஸ் ஸ்கேல். ஐந்தாம் தந்தியின் ஆறாம் ஃபிரெட், மூன்றாம் தந்தியின் எட்டாம் ஃபிரெட். அந்தச் சுரம் கடந்து போவதற்கு. அதில் குடியிருக்க வேண்டாம். ஐந்து வடிவங்களையும் கற்றபிறகுதான் சோலோ என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: காத்திருக்காதீர்கள்.

ஸ்கேல் நன்றாகத் தெரிகிறது. ஆனால் வாசித்தால் ஸ்கேல் பயிற்சி போலவே கேட்கிறது. ஏன்?

கேள்விகளிலேயே இதுதான் தலையாயது. காரணம் எளிது: விரல் அடுத்த சுரத்துக்குப் போகிறது, ஏனென்றால் அது பக்கத்தில் இருக்கிறது. இசை கேட்டதால் போகவில்லை.

மருந்து, சுரங்களைக் குறைப்பது. மூன்றே மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: நான்காம் தந்தியின் ஏழாம் ஃபிரெட்டில் ஏ, மூன்றாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் சி, அதே தந்தியின் ஏழில் டி. 12 பார் ப்ளூஸ் ஒன்றை ஒலிக்கவிட்டு இப்படி முயன்று பாருங்கள்.

முதல் பாரில் முதல் தட்டை விட்டுவிட்டு, இரண்டாம் தட்டில் டி, சி, ஏ என்று இறங்கி ஏ-யில் நில்லுங்கள். இரண்டாம் பாரில் ஒன்றும் வாசிக்க வேண்டாம். மூன்றாம் பாரில் அதே மூன்று சுரங்களைத் தொடங்குங்கள், ஆனால் ஏ வரை போகாமல் சி-யிலேயே நின்று அதைச் சற்றே மேலே தள்ளுங்கள். சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தியது போல இருக்கும். நான்காம் பார் மௌனம். ஐந்தாம் பாரில் பின்னணி டி7 கார்டுக்கு மாறுகிறது. இப்போது வரிசையைத் திருப்பி, சி-யிலிருந்து டி-க்கு ஏறி, டி-யை நீட்டிப் பிடியுங்கள். கார்டின் ஆதாரச் சுரமே அது என்பதால் தரையில் கால் ஊன்றியது போல உறுதியாகக் கேட்கும். ஏழு, எட்டாம் பார்களில் முதல் வரியை அப்படியே மறுபடி சொல்லுங்கள். ஒன்பதாம் பாரில் ஈ7 வரும்போது மட்டும் ஒரு புதிய சுரம்: இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் ஈ. ஒரே ஒரு முறை, உரக்க. பத்தாம் பாரில் டி, பதினொன்றில் ஏ. முடிந்தது.

எட்டுப் பார்கள் கட்டுப்பாடாக இருந்ததால்தான் அந்த ஈ ஒரு நிகழ்ச்சி போல வந்து விழுகிறது. முதல் பாரிலேயே ஐந்து சுரங்களையும் கொட்டியிருந்தால் ஒன்பதாம் பாரில் கொடுக்க என்ன இருந்திருக்கும்?

இந்த மூன்று சுரப் பயிற்சி சலிப்பூட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சலிப்பு வரும் இடத்தில்தான் தாளத்தை மாற்றத் தோன்றும், ஒரு சுரத்தை இரண்டு முறை தட்டத் தோன்றும், தள்ளிப்போடத் தோன்றும். அதற்காகத்தான் சுரங்களைப் பறித்துக்கொண்டது.

தந்தியை வளைக்கும்போது சுருதி சேரவில்லை. என்ன செய்வது?

அந்நியமான சுரத்தைவிட அரைகுறையான பெண்ட் (தந்தியை வளைத்துச் சுரத்தை ஏற்றுவது) காதை அதிகம் உறுத்தும். ப்ளூஸ்-ராக் சோலோ ஒன்று தொழில்முறையாகக் கேட்கிறதா இல்லையா என்பதைப் பாதிக்கு மேல் இதுவே முடிவு செய்கிறது என்பது என் கருத்து.

மூன்றாம் தந்தியின் ஏழாம் ஃபிரெட்டில் மோதிர விரலை வையுங்கள். அதற்குப் பின்னால் ஆறில் நடுவிரல், ஐந்தில் சுட்டுவிரல். மூன்றும் அதே தந்தியில். கட்டைவிரல் கழுத்தின் மேல்விளிம்பைத் தாண்டி வந்து பற்றிக்கொள்ளட்டும். இப்போது விரல்களால் தள்ளாதீர்கள். சுட்டுவிரலின் அடிப்பகுதி கழுத்தின் கீழ்விளிம்பில் பதிந்திருக்க, கதவின் பிடியைத் திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்புங்கள். மூன்று விரல்களும் சேர்ந்து தந்தியை மேல்நோக்கிக் கொண்டுபோகும். டி-யிலிருந்து ஈ வரை ஏற வேண்டும்.

ஏறியதா என்று எப்படித் தெரியும்? இரண்டாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் இருப்பதும் அதே ஈ. முதலில் அதைத் தட்டி, காதில் பதித்துக்கொண்டு, பிறகு பெண்ட் செய்து ஒப்பிடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், சுருதி விலகியிருக்கும்வரை ஒலியில் ஓர் அலை எழும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்ததும் அடங்கிவிடும். இரண்டாம் தந்தியின் எட்டாம் ஃபிரெட்டில் இருக்கும் ஜி-யை ஏ வரை ஏற்றி, ஒன்றாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டோடு ஒப்பிடுவது அடுத்த பயிற்சி.

எல்லா பெண்டும் முழுச் சுர இடைவெளிக்கு, அதாவது இரண்டு ஃபிரெட் தூரத்துக்கு, போக வேண்டியதில்லை. சி-யைச் சி ஷார்ப்பின் பக்கம் கால் சுரம் மட்டும் தள்ளி நிறுத்துவது ப்ளூஸின் உயிர்நாடி. கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாக இருக்காது. இரண்டு சுரங்களுக்கு நடுவே ஓர் இடம் உண்டு என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றாம் தந்தியின் ஐந்தாம் ஃபிரெட்டில் சுட்டுவிரலை வைத்து, தரையை நோக்கி மெல்ல இழுத்தாலே போதும்.

ஆல்பர்ட் கிங்கின் பெண்டுகளைப் பிடிக்க முடியவில்லை என்று வருந்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் இடக்கையாளர், வலக்கைக் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். மெல்லிய தந்திகள் அவருக்கு மேலே இருந்தன, அவற்றை அவர் கீழ்நோக்கி இழுத்தார். டியூனிங்கும் தளர்வானது. உங்கள் கையில் அதே தூரம் வராததற்கு நீங்கள் காரணமில்லை.

வைப்ராட்டோ நடுங்குகிறது, பாடவில்லை. எப்படிச் சரிசெய்வது?

வேகத்தைக் குறையுங்கள். மெட்ரோனோமை 60 இல் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு அசைவு, பிறகு மூன்று, பிறகு நான்கு. ஒவ்வோர் அசைவிலும் தந்தி தன் பழைய இடத்துக்கு முழுமையாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் சுரம் மொத்தமும் மேலே ஏறிவிடும். சுரம் ஒலித்தவுடனேயே அசைக்கத் தொடங்குவதும் பதற்றமாகக் கேட்கும். நேராக ஒரு கணம் நிற்கட்டும், அதன்பிறகு அசையுங்கள்.

இதில் உங்கள் கலைஞரின் அடையாளம் தனித்துத் தெரியும். பி.பி. கிங்கின் அசைவு வேகமானது, சிறியது. சுட்டுவிரலை அச்சாக வைத்துக் கையே படபடக்கும். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் பல இடங்களில் விரலோடு நிறுத்தாமல், சுருதியை அசைக்கும் டிரெமலோ கம்பியையும் பயன்படுத்துவார். வளைத்த தந்தியின் மேல் வைப்ராட்டோ கொடுப்பது எல்லாவற்றிலும் கடினம். பெண்ட் சுருதி சேரும்வரை அதன் பக்கம் போக வேண்டாம்.

பின்னணியில் கார்டு மாறும்போது நானும் ஸ்கேலை மாற்ற வேண்டுமா?

மாற்றத் தேவையில்லை; ஆனால் கார்டு மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.

வழக்கமான 12 பார் ப்ளூஸில் முதல் நான்கு பார்கள் ஏ7, அடுத்த இரண்டு டி7, பிறகு இரண்டு ஏ7, ஒன்பதில் ஈ7, பத்தில் டி7, பதினொன்றில் ஏ7, பன்னிரண்டில் திரும்பத் தொடங்குவதற்கான ஈ7. சில பாடல்களில் இரண்டாம் பாரிலேயே டி7 ஒருமுறை எட்டிப்பார்க்கும்.

ஏ7 கார்டுக்குள் சி ஷார்ப் இருக்கிறது. டி7 கார்டுக்குள் இருப்பது சி. இந்த அரைச் சுர வித்தியாசத்தில்தான் பாதி வித்தை அடங்கியிருக்கிறது. ஏ7 ஒலிக்கும்போது சி-யை மேலே தள்ளுங்கள், அல்லது சி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஹேமர்-ஆன் செய்யுங்கள் (மறுபடி மீட்டாமல் அடுத்த விரலை ஓங்கி அழுத்துவது). டி7 வந்த நொடியில் தள்ளாத, நேரான சி-யில் வந்து நில்லுங்கள். அவ்வளவுதான். பின்னணியில் யாரும் வாசிக்காவிட்டாலும் உங்கள் ஒற்றைத் தந்தியிலிருந்தே கார்டு மாற்றம் கேட்கும். ஈ7 வரும்போது ஈ அல்லது பி-யில் நிற்பது பத்திரம். டி-யும் அந்தக் கார்டின் ஏழாவது சுரம்தான், சற்றுக் காரமாக இருக்கும்.

சோலோ வாசிக்க விரும்புபவர்களில் பலர் இந்தக் கார்டுகளை ஒரு சுற்றுகூட ஒழுங்காக வாசித்துப் பார்ப்பதில்லை. வாசியுங்கள். ஷஃபிள் என்னும் துள்ளல் தாளத்தில், மற்றொருவர் சோலோ வாசிக்க, குரல் உயர்த்தாமல்.

மேஜர் பென்டடோனிக்கை எப்போது கலப்பது?

ஏ7 ஒலிக்கும்போது கலக்கலாம். டி7 மீது சி ஷார்ப் உரசும். ஏ மேஜர் பென்டடோனிக் என்பது ஏ, பி, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப். கையிலிருக்கும் மைனர் வடிவத்தை மூன்று ஃபிரெட் கீழே நகர்த்தினால் இந்தச் சுரங்கள் கிடைத்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அப்படி இடம்பெயர்ந்தால் இரண்டும் இரண்டு தீவுகளாகவே இருந்துவிடும்.

எனக்குப் பிடித்த வழி, பி.பி. கிங்கின் பெயராலேயே அழைக்கப்படும் சின்னஞ்சிறு பெட்டி. இரண்டாம் தந்தியின் பத்தாம் ஃபிரெட்டில் ஏ, அதுதான் வீடு. அதே தந்தியின் பன்னிரண்டில் பி. அதை அரைச் சுரம் வளைத்தால் சி, முழுச் சுரம் வளைத்தால் சி ஷார்ப். மைனரும் மேஜரும் ஒரே விரலுக்கடியில்! ஒன்றாம் தந்தியின் பத்தில் டி. முழுதாக வளைத்தால் ஈ. மூன்றாம் தந்தியின் பதினொன்றில் எஃப் ஷார்ப், ஒன்பதில் ஈ. கையை நகர்த்தாமலே ஒரு முழுச் சுற்றை இதற்குள் வாசித்துவிடலாம். கார்டு மாறும்போது ஸ்கேலை மாற்ற வேண்டியதில்லை, பெண்டின் உயரத்தை மாற்றினால் போதும்.

பதிவிலிருந்து ஒரு லிக்கை எப்படிப் பிடிப்பது? டேப் (தந்தியையும் ஃபிரெட்டையும் எண்ணால் காட்டும் குறிப்பு) பார்த்துக் கற்கலாமா?

விரல் எந்த ஃபிரெட்டில் என்பதை டேப் சொல்லும். எப்போது, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு தள்ளி என்பதைச் சொல்லாது. உங்களுக்கு வேண்டியதோ அதுதான். ஆகவே காதை முதலில் வேலைக்கு அனுப்புங்கள். நான்கு நொடிக்கு மேல் போகாத ஒரு வரியை எடுத்து, பாதி வேகத்தில் சுழலவிட்டு, முதலில் வாயால் பாடுங்கள். பாட முடியாத வரியை வாசிக்கவும் முடியாது. விரல்கள் தற்செயலாகச் சரியாக விழுந்தாலும் அது உங்களுடையதாகாது. பாடிய பிறகு கிட்டாரில் தேடுங்கள். சரிபார்க்க டேப்பைக் கடைசியில் பாருங்கள்.

எவ்வளவு தேடியும் சுருதி ஒட்டவில்லை என்றால், பதிவில் கிட்டார் அரைச் சுரம் இறக்கி டியூன் செய்யப்பட்டிருக்கலாம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஸ்டீவி ரே வாகனும் பெரும்பாலும் அப்படித்தான் வாசித்தார்கள்.

பிடித்தபின் அதை அப்படியே அலமாரியில் வைக்காதீர்கள். அதே வரியை அரைத் தட்டு தள்ளித் தொடங்குங்கள். கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றுங்கள். தாளத்தை வைத்துக்கொண்டு சுரங்களை மாற்றுங்கள், பிறகு சுரங்களை வைத்துக்கொண்டு தாளத்தை. ஒரு லிக்கிலிருந்து பத்து பிறந்துவிடும், அதில் இரண்டு உங்கள் குரலில் இருக்கும்.

வேகமாக வாசித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம்.

அவருடைய கிட்டாரும் ஆம்பும் இருந்தால்தான் அந்த ஒலி வருமா?

இந்தக் கேள்விக்குச் செலவாகும் நேரத்தில் பாதியை வைப்ராட்டோவுக்குக் கொடுத்தால் நாடே உருப்படும். வாகன் 0.013 அங்குலத்தில் தொடங்கும் தடித்த தந்திகளைப் பயன்படுத்தினார் என்று கேள்விப்பட்டு விரலைக் கிழித்துக்கொண்டவர்கள் பலர். அவர் டியூனிங்கை அரைச் சுரம் இறக்கியிருந்தார் என்பதையும், இசட்இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 0.007 அளவு மெல்லிய தந்தியில் அவ்வளவு பருத்த ஒலியை எழுப்புகிறார் என்பதையும் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 0.009 அல்லது 0.010 உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

ஒரே ஓர் ஆலோசனை: டிஸ்டார்ஷனை நீங்கள் விரும்பும் அளவைவிடக் குறைவாக வையுங்கள். மெதுவாகத் தட்டினால் தெளிவாகவும், ஓங்கித் தட்டினால் கரகரப்பாகவும் ஒலிக்கும் அந்த எல்லையில் ஆம்ப் நிற்க வேண்டும். கரகரப்பு மிகுந்தால் மென்மைக்கும் வன்மைக்கும் வித்தியாசம் மறைந்துவிடும். கிட்டாரிலேயே இருக்கும் வால்யூம் குமிழைத் திருப்பவும் பழகுங்கள். பலர் அதைப் பத்தில் வைத்து மறந்துவிடுகிறார்கள். தொடாத தந்திகளை வலக்கை உள்ளங்கையின் ஓரத்தாலும் இடக்கைச் சுட்டுவிரல் நுனியாலும் அடக்கி வைப்பது இன்னும் முக்கியம். பெண்டை இறக்கும்போது பக்கத்துத் தந்தி முனகினால் எந்த விலையுயர்ந்த ஆம்பும் உங்களைக் காப்பாற்றாது.

சோலோ எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

நிமிடத்துக்கு 60 தட்டு என்ற மெதுவான ப்ளூஸில் 12 பார் என்பது 48 நொடி. 120 இல் 24 நொடி. மெதுவானதில் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. வேகமானதில் இரண்டு அல்லது மூன்று. முதல் சுற்றைத் தாழ்ந்த தந்திகளில் தொடங்கி, மேலே போக இடம் வைத்துக்கொள்ளுங்கள். எப்படி முடிப்பது என்பதை முன்பே தீர்மானித்துவிடுவது ஏமாற்று வேலை இல்லை. மனம்போல வாசிப்பவர்களும் இறங்கும் இடத்தைத் தெரிந்துகொண்டுதான் தாவுகிறார்கள்.

பேக்கிங் டிராக்கோடு (பதிவு செய்த பின்னணி இசையோடு) பயிற்சி செய்வது நல்லதா?

நல்லது, ஆனால் அது உங்களைக் கேட்பதில்லை. நீங்கள் அடங்கினாலும் கொதித்தாலும் அதே அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வாரத்தில் ஓரிரு நாளாவது மெட்ரோனோமை மட்டும் வைத்து, அதன் தட்டுகளை இரண்டாம், நான்காம் தட்டுகளாக நினைத்துக்கொண்டு வாசியுங்கள். கார்டு எங்கே மாறுகிறது என்பதை நீங்களே மனத்தில் சுமக்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் தொலைந்துபோவீர்கள். உடன் வாசிக்க ஒரு நண்பர் கிடைத்தால் இன்னும் மேல்: நான்கு பார் அவர், நான்கு பார் நீங்கள், அவர் சொன்ன கடைசிச் சுரத்திலிருந்து நீங்கள் தொடங்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பின் நடுவே தவறான சுரத்தில் விரல் விழுந்துவிட்டால்?

ஏ மைனர் பென்டடோனிக்கில் அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையே இரண்டு அல்லது மூன்று ஃபிரெட் இடைவெளிதான். ஆகவே ஸ்கேலுக்கு வெளியே எங்கே விழுந்தாலும், ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரே ஃபிரெட் தள்ளி ஸ்கேலின் சுரம் இருந்தே தீரும். விரலை எடுத்துவிடாமல் அங்கே வழுக்கிச் செல்லுங்கள், அல்லது மேலே இருந்தால் தந்தியை வளைத்து எட்டுங்கள். கேட்பவர் அதை அலங்காரம் என்றே எடுத்துக்கொள்வார். துணிச்சல் இருந்தால் அடுத்த வரியிலும் அதே சுரத்தைத் தொட்டு அதே போல வழுக்குங்கள். இரண்டாம் முறை வந்ததும் அது உங்கள் யோசனை ஆகிவிடுகிறது. முகம் சுளிப்பது மட்டும் கூடாது, ஏனென்றால் அதுவரை கவனிக்காதவர்களுக்கும் அது காட்டிக்கொடுத்துவிடும்.